மெல்ல ஓடினால் புகை வரும்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் ஒருவர் பரீட்சையில் தோற்றுப்போனார். நானில்லை, என் கார்.

நோர்வேயில் கார் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை காரை ‘ஈயூ கொன்ட்ரோல்’ என்ற பரீட்சைக்குக் கொண்டுபோக வேண்டும். பிரேக் பார்ப்பார்கள், லைட் பார்ப்பார்கள், வயிற்றுக்குக் கீழே துரு இருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். டீசல் கார் என்றால் கடைசியாக ஒரு கருவியைப் புகைக்குழாய்க்குள் விட்டு, எஞ்சினை உறுமவிட்டு, எவ்வளவு புகை வருகிறது என்று அளப்பார்கள். தவணைக்குள் பாஸாகாவிட்டால் கார் தெருவில் இறங்கக் கூடாது. மீறி இறங்கினால் நம்பர் தகட்டைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

எங்கள் தவணை முடிவது வெள்ளிக்கிழமை. தவமணியின் தங்கச்சி ராணி ரொறன்ரோவிலிருந்து வந்து இறங்குவது சனிக்கிழமை.

தவமணி என் மனைவி. அக்காவும் தங்கச்சியும் ஒருவரையொருவர் நேரில் பார்த்துப் பல வருஷம். டெலிபோனில் மட்டும் ஓயாத கதை. போன மாதம் ராணி அந்தக் கதைக்கு நடுவில், “அக்கா, இன்னும் அந்தப் பழைய டீசலோ வைச்சிருக்கிறியள்?” என்று கேட்டுவிட்டாள். கேட்டுச் சிரித்தும்விட்டாள். அன்றைக்கே தவமணி முடிவெடுத்துவிட்டாள்... விமான நிலையத்துக்கு அதே டீசல்தான் போகும்.

கார் தோற்ற செய்தியைச் சொன்னபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன்.

“டாக்ஸி பிடிக்கலாம்தானே,” என்றேன்.

“டாக்ஸியிலை போய் நிண்டால் அவள் என்ன நினைப்பாள்? உந்தக் காரை எப்பிடியும் பாஸாக்குங்கோ.”

எப்படி? காருக்குப் பதினைந்து வயது. அதை வாங்கிய காலத்தில் டீசல்தான் வகுப்பிலேயே நல்ல பிள்ளை. டீசல் வாங்குங்கள், பூமிக்கு நல்லது என்று சொன்னவர்களும் அரசாங்கத்து ஆட்கள்தான். இப்போது அதே ஆட்கள் டீசலைக் கண்டால் மூக்கைப் பொத்துகிறார்கள். நான் மாறவில்லை. காரும் மாறவில்லை. மூக்கு மாறிவிட்டது.

ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் எங்கள் அடுக்குமாடி புளொக்குக்குப் பொதுவான கார் தரிப்பிடத்தில் முப்பத்திரண்டு கார்கள் நிற்கின்றன. புகைக்குழாய் உள்ளவை பதினொன்று. போன வருஷம் பதினாறு. (நான் எதையும் எண்ணுகிறவன் என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் பட்டம் வாங்கிவிட்டு ஒஸ்லோவில் ஒரு பண்டகசாலையில் ஓய்வு பெறும்வரை பெட்டி எண்ணியவன். கை சும்மா இருந்தாலும் கண் எண்ணும்.)

மூன்றாம் மாடியில் இருக்கும் கார்த்திக் மின்சாரக் கார் வைத்திருக்கிறார். கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை, தங்கமான பிள்ளை. லிஃப்டில் கண்டபோது விஷயத்தைச் சொன்னேன்.

“அங்கிள், டீசலை இன்னுமா வச்சிட்டு கஷ்டப்படறீங்க? பேசாம எலக்ட்ரிக்குக்கு மாறிடுங்க. ஸ்மோக் டெஸ்ட்டே கிடையாது. என் வண்டிக்கும் இந்த வாரம்தான் கன்ட்ரோல். உள்ள விட்டு வெளிய எடுத்துட்டு வந்துடுவேன், அவ்ளோதான்.”

“பாப்பம்.”

“ஆன்ட்டியோட சிஸ்டரை வேணும்னா நான் பிக்கப் பண்ணிட்டு வரேன் அங்கிள்.”

இதைத் தவமணியிடம் சொன்னேன். “அவர் நல்ல பிள்ளைதான்,” என்றாள். அந்தக் கதை அதோடு முடிந்தது.

இனிக் கராஜுக்கு வருவோம். பரீட்சை வைத்தவர் ரொகர் என்ற நோர்வேஜியர். தாடிக்காரர். தோற்ற காரணத்தைத் தாளில் எழுதிவிட்டு, புதுப் பில்டர் போட வேண்டி வரலாம் என்றார். அதன் விலையைக் கேட்டபோது, அந்த விலைக்கு இந்தக் காரையே யாரும் வாங்கமாட்டார்களே என்று தோன்றியது. என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும்.

“இந்தக் காரில் எங்கெல்லாம் போகிறீர்கள்?” என்று கேட்டார்.

“கடைக்கு. கோயிலுக்கு. லோறென்ஸ்கூக்கில் ஒரு நண்பர் வீட்டுக்கு.”

“எந்த வேகத்தில்?”

“பலகையில் எழுதியிருக்கிற வேகத்தைவிடப் பத்துக் குறைவாக,” என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

ரொகர் சிரித்தார். பக்கத்துக் காருக்குக் கீழே படுத்திருந்தவரும் சிரித்தார்.

விஷயம் இதுதான். டீசல் காரின் குழாயில் கரியைப் பிடித்து வைக்கிற பில்டர் ஒன்று இருக்கிறது. கார் நன்றாகச் சூடேறி ஓடினால் அந்தக் கரி அதற்குள்ளேயே எரிந்து போய்விடும். கடை, கோயில், கடை என்று ஊர்ந்தால் சூடே ஏறாது. கரி அப்படியே உறைந்து கிடக்கும். என் கார் புகைவதற்குக் காரணம் நான் கண்மண் தெரியாமல் ஓடியதல்ல. ஓடாததுதான்.

“நெடுஞ்சாலையில் போங்கள். கியரை ஒன்று குறைத்துப் போட்டு அரை மணி நேரம் நன்றாக மிதியுங்கள். சட்டத்துக்குள்தான். பிறகு எஞ்சினை நிறுத்தாமல் நேரே இங்கே வாருங்கள். சூடு ஆறக் கூடாது. வேலை செய்தால் பில்டர் தேவையில்லை.”

யோசித்துப் பாருங்கள். காற்றைக் கெடுக்கவில்லை என்று நிரூபிக்க, எந்த வேலையும் இல்லாமல் நெடுஞ்சாலையில் போய் டீசலைக் கொளுத்திவிட்டு வர வேண்டும். இந்தச் சட்டத்தை எழுதியவர் நிச்சயமாகப் படித்தவராகத்தான் இருப்பார்.

வியாழக்கிழமை காலை புறப்பட்டோம். தவமணியும் வந்தாள். “நீங்கள் தனியப் போனால் பாதியிலை திரும்பிடுவியள்,” என்றாள். கார்டர்மூன் விமான நிலையம் வரை போய்த் திரும்புவது என்று திட்டம். சனிக்கிழமைப் பயணத்துக்கு ஒத்திகையாகவும் இருக்கட்டும்.

ஈ-6 நெடுஞ்சாலையில் ஏறினேன். கியரைக் குறைத்தேன். எஞ்சின் போட்ட சத்தத்தில் காது கூசியது. வாய்விட்டுக் கத்துகிற ஒரு பொருளை மேலும் மிதிக்க எனக்கு மனம் வரவில்லை. காலை எடுத்தேன். ஒரு லாரி முந்தியது. பிறகு இன்னொன்று. வழக்கம்போல் எண்ணத் தொடங்கினேன்.

“எத்தினை?” என்று தவமணி கேட்டாள்.

“என்ன எத்தினை?”

“எண்ணிறியள்தானே. வாய் அசையுது.”

“பதினேழு.”

“பதினெட்டு. குதிரை வண்டிலை இழுத்துக்கொண்டு போன மனிசியை விட்டிட்டியள்.”

உண்மைதான். குதிரையை ஏற்றிய இழுவை வண்டியைப் பின்னால் மாட்டிக்கொண்டு ஒரு பெண் எங்களை முந்திப்போனாள். ஜன்னலால் எட்டிப் பார்த்த குதிரையின் முகத்தில்கூட ஒரு இளக்காரம்.

விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு பெட்ரோல் நிலையம் வந்தது.

“அதிலை விடுங்கோ,” என்றாள்.

விட்டேன்.

“எஞ்சினை நிப்பாட்டாதேங்கோ. இறங்கி இஞ்சாலை வாங்கோ.”

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பெண்கள் தனியே என்றால் ஒஸ்லோ முழுக்கக் கார் ஓடுவார்கள். பனியில் ஓடுவார்கள், சறுக்கும் ஐஸில் ஓடுவார்கள், விடிய முதல் எழும்பி வேலைக்கு ஓடுவார்கள். ஆனால் புருஷன் காரில் ஏறினால் திறப்பு, அதாவது சாவி, கைமாறிவிடும். யாரும் கேட்பதுமில்லை, யாரும் கொடுப்பதுமில்லை, தானாகவே மாறும். நம்பாவிட்டால் கோயில் வாசலில் நின்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணியிருக்கிறேன். போன திருவிழாவில் தம்பதியாக வந்து இறங்கிய கார்களில் மனைவி ஓட்டிவந்தவை இரண்டே இரண்டு. அதில் ஒரு புருஷனுக்குக் காலில் மாவுக்கட்டு.

தவமணி லோறென்ஸ்கூக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தவள். ஓய்வு பெறும்வரை இந்தக் காரைத் தினமும் ஓட்டியவள் அவள்தான். அந்தக் காலத்தில் இது எந்தப் பரீட்சையிலும் தோற்றதில்லை. அவள் ஓய்வு பெற்றபின் நாங்கள் எங்கே போனாலும் சேர்ந்தே போனோம். அதனால் திறப்பு என் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. நான் பறிக்கவில்லை. அவளும் தரவில்லை. சொன்னேனே, வழக்கம்.

இறங்கிச் சுற்றிப் போய் மற்றப் பக்கம் ஏறினேன். அவள் இருக்கையை முன்னுக்கு இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், செருப்பைக் கழற்றிப் பின்னுக்குப் போட்டாள்.

“பெல்ட்டைப் போடுங்கோ.”

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காக விவரிக்க என்னால் முடியவில்லை, ஏனென்றால் பாதி வழி கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். எஞ்சின் கத்தியது. அவள் இன்னும் மிதித்தாள். முதலில் ஒரு லாரி பின்னுக்குப் போனது. பிறகு குளிரூட்டிய லாரி ஒன்று. என் வலது கால் அந்தப் பக்கத்தில் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தது.

“கனக்க வேகமாப் போறாய்.”

“சட்டத்துக்குள்ளைதான் போறன். பலகையைப் பாருங்கோ, முள்ளைப் பாருங்கோ.”

பார்த்தேன். பலகையில் என்ன எண்ணோ முள்ளும் அதே எண்ணில். பத்துக் குறைவாகவும் இல்லை, ஒன்று கூடவும் இல்லை.

“எஞ்சின் உடைஞ்சால்?”

“உடையாது. இதை எனக்குத் தெரியும். நத்தாருக்கும் வருஷப் பிறப்புக்கும் மற்ற ஆக்கள் லீவிலை நிக்க, நான் டியூட்டி செய்து வாங்கின கார் இது.” இன்னொரு லாரியை முந்தினாள். “ராணிக்கு அது தெரியாது. அவளுக்குப் பழசு எண்டு மட்டும்தான் தெரியும்.”

நான் இல்லாத பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். முதலில் கறுப்பாக ஒரு மேகம் போனது. பிறகு சாம்பல் நிறமாக. ஒஸ்லோவின் உயரமான புளொக்குகள் கண்ணில் படத் தொடங்கியபோது ஒன்றுமே இல்லை.

கராஜில் எங்களுக்கு முன் ஒரு கார் நின்றது. எஞ்சினை நிறுத்தக் கூடாது என்பதால் ஓடவிட்டபடியே காத்திருந்தோம். நேர் எதிரே சுவரில் ஒரு அறிவிப்பு: தேவையில்லாமல் எஞ்சினை ஓடவிடாதீர்கள், சுற்றுச்சூழலைக் காப்போம். போகிற வருகிறவர்கள் அறிவிப்பையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் ஆசனத்தில் சற்றுக் கீழே இறங்கி உட்கார்ந்தேன். தவமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

முன்னால் நின்றது கார்த்திக்கின் கார். அவர் கையில் தாளுடன் வெளியே வந்தார். முகம் சரியில்லை.

“என்ன தம்பி, உள்ளை விட்டு வெளியிலை எடுத்தாச்சோ?” என்று கேட்டாள் தவமணி.

“ஃபெயில் பண்ணிட்டாங்க ஆன்ட்டி.”

“புகைதான் இல்லையே,” என்றேன். மனதுக்குள் எழுந்த சந்தோஷத்தை மறைக்க முயன்றேன்.

“பிரேக் அங்கிள். எலக்ட்ரிக்ல மோட்டாரே ஸ்லோ பண்ணிடுமா... பிரேக்கை மிதிக்கிற வேலையே வரல. யூஸ் பண்ணாம அப்படியே துரு புடிச்சிருச்சாம்.”

தவமணி என்னைக் காட்டினாள். “ஒரு கிழமைக்குக் காரை இவரிட்டைக் குடுத்துப் பாருங்கோ தம்பி. பிரேக் தேய்ஞ்சு மினுங்கும்.”

கார்த்திக் சிரித்தார். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று.

நாங்கள் இறங்கி நிற்க, ரொகர் வந்து குழாய்க்குள் கருவியை விட்டார். எஞ்சினை உறுமவிட்டார். திரையைப் பார்த்தார். கருவி பழுதோ என்று தட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை உறுமவிட்டார். பிறகு என்னிடம் வந்து, “நன்றாக ஓட்டியிருக்கிறீர்கள்,” என்றார்.

தவமணி அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“நானில்லை, அவள்,” என்றேன். ரொகர் அவள் பக்கம் திரும்பிப் பெருவிரலை உயர்த்தினார். அவள் தலையை ஆட்டிவிட்டு, காருக்குள் கையை விட்டு எஞ்சினை நிறுத்தினாள்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். மெல்லப் போனால் கரி பிடிக்கிறது. மிதிக்காவிட்டால் பிரேக் துருப்பிடிக்கிறது. ஓய்வு பெற்றபின் இத்தனை வருஷம் ஸ்டியரிங்கைத் தொடாத தவமணிக்கு மட்டும் கரியும் பிடிக்கவில்லை, துருவும் பிடிக்கவில்லை. இதற்கு என்ன விஞ்ஞானம் என்று ரொகரிடம் கேட்க வேண்டும்.

சனிக்கிழமை விமான நிலையம் போனோம். புறப்படும்போது திறப்பை நான் சட்டைப்பையிலிருந்து எடுத்து வீட்டு மேசையில் வைத்தேன். அவள் எடுத்துக்கொண்டாள். ராணி நான்கு பெரிய பெட்டிகளுடன் வந்தாள். இரண்டு பின்னால் டிக்கியில் போயின. மற்ற இரண்டும் பின் இருக்கையில், நடுவில் நான். அக்கா ஸ்டியரிங்கில் உட்காருவதைப் பார்த்த ராணி பாதி ஏறியபடியே நின்றுவிட்டாள்.

“அத்தான், நீங்கள் ஓடேல்லையோ?”

நான் வாயைத் திறக்க முதல் தவமணி கியரைப் போட்டாள்.

“அவர் ஓடினால் காருக்கு இருமல் வரும். நீ ஏறு. இது என்ர கார்.”

நெடுஞ்சாலையில் ஏறியதும் வழக்கம்போல் எண்ணலாம் என்று பார்த்தேன். இடப்பக்கம் பெட்டி, வலப்பக்கம் பெட்டி, தெருவே தெரியவில்லை. யார் முந்தினார்கள், யார் பிந்தினார்கள் என்று ஒன்றும் தெரியாமல் வீடு வந்து சேர்ந்தேன்... பரவாயில்லை, நல்ல நித்திரை.