பத்து செகண்டு இருட்டு

வண்டி எலக்ட்ரீஷியன் வேலையில ஒரு வசதி இருக்குதுங்க: ஒயரைத் தப்பாக் கொடுத்தா அடுத்த நிமிஷமே ஃப்யூஸ் போயி காட்டிக்கொடுத்துடும், சரியாக் கொடுத்து வர்ற தப்புதான் சத்தமில்லாம மூணு மாசம் கழிச்சு வரும். அப்படி வந்த ஒண்ணுலதான் சித்தேரி மலையில ஒரு ஆளோட வலது மணிக்கட்டு போச்சு. அவர் பாறையில கயிறு கட்டி இறங்கித் தேன் எடுக்கிறவரு. போலீசு இல்ல, பஞ்சாயத்து இல்ல, யாரும் வந்து என் சட்டையைப் பிடிக்கல. பிடிச்சிருந்தாங்கன்னா நான் இதையெல்லாம் எழுதிக்கிட்டு இருக்க மாட்டேன்.

அரூர்ல பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவுல இருபத்திரண்டு வருஷமா கடை வச்சிருக்கேன். ஸ்க்ரூடிரைவரையும் டெஸ்ட் லேம்ப்பையும் நம்பி வயித்தைக் கழுவுற என்னை மாதிரி பாவிகளுக்கு நான் சொல்றது பாதியிலயே புரிஞ்சிடும். மத்தவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

நேராக் கொடுத்த ஒயர்

எச்.ஐ.டி. லைட்டுன்னா, அந்தக் கண்ணைக் குத்துற வெள்ளை லைட்டுதான். சாதா பல்புல கம்பி சூடாகி எரியும். இதுல கம்பியே கிடையாது, உள்ள கேஸ். அதைப் பத்த வைக்க பேலஸ்ட்டுன்னு ஒரு சின்னப் பெட்டி. பத்துற அந்த நேரத்துல பெட்டி பேட்டரியை உறிஞ்சி எடுத்துடும். அப்பவே வண்டியை ஸ்டார்ட் பண்ற செல்ஃப் பட்டனையும் அமுக்கினா பேட்டரி ரெண்டு பேருக்கும் பதில் சொல்ல முடியாமத் திணறும். லைட் பத்தும், அணையும், மறுபடி பத்தும். இப்படியே நடந்தா பெட்டிக்கு ஆயுசு முடிஞ்சுது.

இதெல்லாம் ஆரம்பத்துல எனக்கு எங்க தெரியும்? அட்டைப் பெட்டியில போட்டிருந்த படத்தைப் பார்த்து பேட்டரியில இருந்து நேரா ஒயர் இழுத்துவிட்டேன். முதல்ல மாட்டிக்கிட்டது மரவள்ளிக் கிழங்கு ஏவாரம் பண்ற கோவிந்தன். மனுஷன் ஊரெல்லாம் லைட்டைக் காட்டிப் பெருமை அடிச்சாரு. இருபதே நாள்ல பெட்டி செத்துது. மாத்திக் கொடுத்தேன், அதுவும் செத்துது. மூணாவது தடவை வரும்போது ஹேண்டில் பார்ல ஒரு டார்ச் லைட்டைச் சைக்கிள் ட்யூப் போட்டுக் கட்டிக்கிட்டு வந்து இறங்கினாரு. என்னை ஒரு வார்த்தை திட்டல. டார்ச்சை மட்டும் தட்டிக் காட்டினாரு.

"எலக்ட்ரீஷியண்ணே, இது மாரியம்மன் பண்டிகைக் கடையில என் மவன் அழுது வாங்கினது, அதுவே இன்னும் எரியுது பாருங்க."

சாவி போட்டா எண்ணணும்

அப்புறம்தான் சேலத்துல பார்ட்ஸ் கடைக்காரர் ஒருத்தர் டைமர் ரிலேயைக் கையில கொடுத்தாரு. தீப்பெட்டி அளவு இருக்கும். சாவியைத் திருப்பினா அது உள்ளுக்குள்ள பத்து செகண்டு எண்ணும். அதுக்குள்ள நாம நிம்மதியா வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கலாம். எண்ணி முடிச்சு 'டிக்'குனு ஒரு சத்தம், அப்புறம் லைட்டு. பெட்டிங்க சாகிறது நின்னுது. மனுஷனுங்க என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க.

ஆபீஸ் கிளார்க் ஒருத்தர் ஒரே வாரத்துல மூணு தடவை வந்தாரு. "லைட் வரலய்யா, என்னத்தை மாட்டின?" அவர் திட்டிக்கிட்டே வாசல்ல நிக்கும்போது பின்னால செவுத்துல லைட்டு பளிச்சுனு அடிச்சிக்கிட்டு இருக்கும். மூணாவது நாள் எனக்கும் கோவம் வந்துடுச்சு. அவரை வண்டி மேல உக்கார வச்சு, சாவியைப் போட்டு, வாய்விட்டு எண்ணுங்க சார்னு சொன்னேன். ஏழு வரைக்கும் எண்ணினாரு. அதுக்கு மேல பொறுமை இல்ல, இறங்கிட்டாரு.

"எங்க ஆபீஸ்ல நாங்கதான்யா ஜனங்களைக் காக்க வைப்போம், நீ எங்களையே காக்க வைக்கிறியே!"

நான் புத்திசாலி ஆன நாள்

கரும்பு லோடு ஏத்துற சின்னசாமியோட வண்டி இருபது உதை உதைச்சாத்தான் எந்திரிக்கும். அவர் சாவியைப் போட்டு உதைக்க ஆரம்பிச்சா, ஏழாவது எட்டாவது உதையிலயே ரிலே எண்ணி முடிச்சு லைட்டைப் போட்டுடும். மிச்ச உதை முடியறதுக்குள்ள லைட்டு பேட்டரியைக் குடிச்சிடும். வாரத்துக்கு ரெண்டு தடவை பேட்டரியைக் கழட்டித் தூக்கிக்கிட்டு சார்ஜ் போட வந்து நிப்பாரு.

ரெண்டு நாள் யோசிச்சேன். ரிலேக்குப் போற ஒயரைச் சாவியில இருந்து பிடுங்கி, இன்ஜின் ஓடினா மட்டும் கரண்டு வர்ற ஒயர்ல கொடுத்தேன். இப்ப இன்ஜின் ஓடினாத்தான் ரிலே எண்ணும். இன்ஜின் நின்னா லைட்டும் நிக்கும், பேட்டரி தப்பிக்கும். அடேயப்பா, எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? அதுக்கப்புறம் வந்த வண்டிக்கெல்லாம் இப்படியே கொடுத்தேன். யாரும் சொல்லித்தரல, நானே கண்டுபிடிச்சதுன்னு டீக்கடையில வேற அளந்துவிட்டேன். இந்த ஒரு ஒயரை ஞாபகம் வச்சுக்கோங்க. சின்னசாமிக்கு அன்னிக்கு ஒரே சந்தோஷம்.

"எங்க வூட்ல சம்சாரம் எந்திரிச்சாத்தான் நான் எந்திரிப்பேன், அதையே வண்டியிலயும் பண்ணிட்டீங்களேண்ணா!"

எதிர்ல வர்றவன்

சித்தேரி பஸ் ஓட்டுற முருகேசன் ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸை ஸ்டாண்டுல போட்டுட்டு நேரா என் கடைக்கு வந்தாரு. கண்ணு செவந்து கிடந்துச்சு. மலை ரோட்டுல எதிர்ல வந்த பைக் லைட்டு கண்ணுல அடிச்சு, ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணுமே தெரியலையாம். உள்ள அம்பது பேரு உக்காந்திருக்காங்க, ஒரு பக்கம் பள்ளம். இந்த வெள்ளை லைட்டை மாட்டிவிடறது யாருன்னு விசாரிச்சுக்கிட்டு வந்திருக்காரு.

நான் சாக்குச் சொன்னேன். "கஸ்டமர் கேக்கிறாங்க, நான் மாட்டலன்னா இன்னொருத்தன் மாட்டிட்டுப் போறான்"னு. நாம எல்லாரும் சொல்றதுதானே. அவர் கையைத் துடைச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தாரு.

"ஒருத்தனுக்கு வழி காட்டறேன்னு எதிர்ல வர்றவன் கண்ணை அவிச்சுட்டு, அதுக்குப் பேரு தொழிலாய்யா?"

அப்பவாவது எனக்குப் புத்தி வந்திருக்கணும். வரல.

நான் கேட்ட அஞ்சு கேள்வி

வெள்ளையன் வந்தது அதுக்கு அடுத்த மாசம். சித்தேரிக்கு மேல ஒரு மலை ஊரு. நாப்பது வயசு இருக்கும், ஒல்லி, ஆனா கையி மட்டும் கொடி சுத்தின மாதிரி இருக்கும். பொழுது சாய்ஞ்சு மலை ஏறும்போது காட்டுப்பன்னி குறுக்கால வருதாம், பழைய மஞ்ச லைட்டுல கிட்ட போனாத்தான் தெரியுதாம். அவர் வண்டியில ஹெட்லைட்டு பேட்டரியில எரியிற வகை. சாவி போட்டிருந்தாப் போதும், இன்ஜின் ஓடினாலும் ஓடாட்டியும் எரியும்.

பெரிய டாக்டர் மாதிரி அஞ்சு கேள்வி கேட்டேன். பேட்டரி எத்தனை வருஷம்? செல்ஃப் எடுக்குதா? ஹாரன் சத்தம் இறங்குதா? தண்ணியில வண்டி நிக்குமா? ராத்திரி எவ்வளவு தூரம் போவீங்க? எல்லாத்துக்கும் பதில் சொன்னாரு. ஸ்டார்ட் பண்ணி பத்து செகண்டு கழிச்சு லைட்டு வரும்னும் சொன்னேன். இன்ஜின் நின்னா லைட்டும் நின்னுடும்னு சொல்லல. இன்ஜின் ஓடாத வண்டியில யாரு போகப்போறான்னு நினைச்சேன். கிளம்பும்போது கையெடுத்துக் கும்பிட்டாரு.

"எனக்கு ரோடு தெரியற மாதிரி செஞ்சுட்டீங்க, இனிமே கை காலோட வூடு போய்ச் சேந்துடுவேனுங்க."

பள்ளத்துல எரிஞ்ச லைட்டு

மூணு மாசம் கழிச்சு, காலையில கடை திறந்து ஊதுவத்தி பத்த வச்சுக்கிட்டு இருக்கேன். முருகேசன் வந்து நின்னாரு. சண்டைக்குத்தான் வந்திருக்காருன்னு நினைச்சேன். பெஞ்சுல உக்காந்து தண்ணி கேட்டாரு.

நடந்தது இதுதான். வெள்ளையன் எப்பவும் விடிஞ்ச பிற்பாடுதான் மலை இறங்குவாரு. என் லைட்டை அவர் ஏறும்போது மட்டும்தான் பார்த்திருக்காரு. ஏறும்போது இன்ஜின் ஓடும், லைட்டும் எரியும். அன்னிக்குச் சந்தைக்கு முந்திப் போகணும்னு சாமை மூட்டையோட இருட்டுலயே கிளம்பியிருக்காரு. இறக்கம் ஆரம்பிச்சதும், வழக்கம்போல பெட்ரோலை மிச்சம் பிடிக்க, சிவப்பு சுவிட்சைத் தட்டி இன்ஜினை நிறுத்தியிருக்காரு. சாவி போட்டபடியே இருக்குது, பழைய லைட்டா இருந்தா எரிஞ்சுக்கிட்டே வந்திருக்கும். என் லைட்டு அணைஞ்சுது. பதறிப்போயி சுவிட்சைத் திருப்பித் தட்டி, கிளட்ச்சை விட்டு இன்ஜினை எழுப்பியிருக்காரு. ரிலே ஒண்ணுல இருந்து எண்ண ஆரம்பிச்சுது. அதுக்குள்ள வளைவு வந்துடுச்சு, பிரேக் அடிச்சாரு, ஜல்லியில சறுக்கி வண்டியோட பள்ளத்துல போயிட்டாரு.

விழுந்த பிற்பாடும் இன்ஜின் ஓடிக்கிட்டேதான் இருந்திருக்குது. ரிலே ஒழுங்கா எண்ணி முடிச்சு லைட்டைப் போட்டிருக்குது. மலையில ராத்திரி தங்கிட்டு முதல் நடை இறங்கின முருகேசன்தான் அவரைத் தூக்கி பஸ்ல போட்டுக்கிட்டு வந்தாரு.

"பள்ளத்துல இருந்து உன் லைட்டு மரத்து உச்சியில அடிச்சிக்கிட்டு இருந்துச்சு, அதைப் பார்த்துத்தான்யா பஸ்ஸை நிறுத்தினேன்."

ராமாயி கேட்டது

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வெள்ளையன் மயக்க ஊசியில தூங்கிக்கிட்டு இருந்தாரு. வலது கை முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. பக்கத்துல அவர் சம்சாரம் ராமாயி தரையில உக்காந்திருந்தாங்க. மணிக்கட்டு எலும்பு நொறுங்கிடுச்சாம். கட்டுப் பிரிச்சாலும் திரும்பறது கஷ்டம்னு சொல்லிட்டாங்களாம். தேன் எடுக்கிற ஆளுக்கு மணிக்கட்டு திரும்பலன்னா கயிறு பிடிக்க முடியாது. பைக் ஆக்சிலேட்டரும் முறுக்க முடியாது. ஒரே கையில மனுஷனோட ரெண்டு பொழைப்பு போச்சு.

நான் யாருன்னு சொன்னேன். சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குதா? ரிலே எப்படி வேலை செய்யும், நான் எதுக்கு அப்படிக் கொடுத்தேன்னு விளக்கம் சொல்ல ஆரம்பிச்சுட்டேன். "பத்தே பத்து செகண்டுதாம்மா, அதுக்குள்ள..."ன்னு இழுத்தேன். அந்தம்மா அழல, கத்தல. தெரியாமக் கேக்கிற மாதிரிதான் கேட்டாங்க.

"பத்து செகண்டுல எங்க ரோட்டுல எத்தனை வளைவு வரும்னு உங்களுக்குத் தெரியுமாங்க?"

எண்ணிக்கிட்டே இறங்கினேன்

தெரியாது. இருபத்திரண்டு வருஷமா மலைக்காரங்க வண்டியைக் கழட்டி மாட்டியிருக்கேன். ஒரு தடவை கூட அந்த ரோட்டுல வண்டி ஓட்டினதில்ல. ரெண்டு தடவை பஸ்ல போனேன், ரெண்டு தடவையும் தூங்கிட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை பட்டப்பகல்ல என் வண்டியில ஏறினேன். மேல போய்த் திருப்பி, இறக்கத்துல இன்ஜினை நிறுத்திட்டு விட்டேன். வண்டி தானா வேகம் எடுத்துச்சு. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினேன். ஆறுல ஒரு வளைவு வந்து போச்சு. ஒன்பதுல அடுத்தது மூஞ்சிக்கு முன்னால நின்னுது. பத்துன்னு நான் சொல்லவே இல்ல, ரெண்டு பிரேக்கையும் பிடிச்சுட்டு ரோட்டோரம் உக்காந்துட்டேன். வெக்கமா இருந்துச்சு. எதிர்ல ஏறி வந்த வண்டிங்கதான் உறுமிக்கிட்டு வந்துச்சு. என்னைத் தாண்டி இறங்கினதுல ஒரு வண்டியிலயும் சத்தமே இல்ல. சத்தமில்லாம சல்லுனு இறங்கிப் போயிட்டே இருந்தாங்க.

அடிவாரத்து டீக்கடையில ரெண்டு மலைக்காரங்ககிட்ட, எல்லாரும் இப்படித்தான் இறங்குவீங்களான்னு கேட்டேன். "ஏறும்போது அது குடிச்சதுக்கு இறங்கும்போது பட்டினி போட்டாத்தானுங்க சரியா வரும்"னு ஒருத்தர் சிரிச்சாரு. அப்ப இருட்டுல இன்ஜினை நிறுத்தினா லைட்டுக்கு என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியாது.

"லைட்டுதான் பேட்டரியில எரியுமே, இன்ஜினை நிறுத்தினா அணையற மாதிரி எந்த மடையன் மாட்டுவான்?"

கழட்டினது

வெள்ளையனுக்குக் கட்டுப் பிரிச்சு ஒரு மாசம் கழிச்சு அவர் வண்டி வந்துச்சு. ஓட்டிக்கிட்டு வந்தது ராமாயி. புடவைக்கு மேல அவர் சட்டையைப் போட்டுக்கிட்டு, முகமெல்லாம் புழுதி. பின்னாடி வெள்ளையன், வலது கையை மடியில வச்சுக்கிட்டு. மணிக்கட்டு மரக்கட்டை மாதிரி நேரா நின்னுது. தேனுக்கு இப்ப மச்சினன் கயிறுல தொங்கறானாம், இவரு மேல உக்காந்து சத்தம் போட்டு வழி சொல்றாராம்.

அதுக்குள்ள நான் ஊர்ல தேடித் தேடி அந்த மாதிரி மாட்டின வண்டிங்களையெல்லாம் திருப்பிக் கூப்பிட்டு ஒயரை மாத்திட்டு இருந்தேன். சின்னசாமியில இருந்து எல்லாரும் என்னைப் பைத்தியம்னுதான் நினைச்சாங்க. வெள்ளையன்கிட்ட, அதே வெள்ளை லைட்டை அணையாத மாதிரி கொடுத்துடறேன்னு சொன்னேன். ராமாயி தலையை ஆட்டினாங்க. பழசையே மாட்டச் சொன்னாங்க. ரிலே, பெட்டி, லைட்டு எல்லாத்தையும் கழட்டினேன். மஞ்ச பல்பைப் போட்டு, சாவி போட்டதும் எரியுதா, இன்ஜினை நிறுத்தினாலும் எரியுதான்னு நாலு தடவை பார்த்தேன். என்னை மன்னிச்சிடுங்கன்னு சொல்ல வாயெடுத்தேன், கழட்டின பெட்டியைத் துணியில சுத்த ஆரம்பிச்சுட்டேன். வெள்ளையன் அதைக் கவனிச்ச மாதிரியே காட்டிக்கல. பல்பையே பார்த்துக்கிட்டு இருந்தாரு.

"இதுல வளைவு தெரியாதுதானுங்க, ஆனா தெரியலன்னு எனக்குத் தெரியும், மெதுவாப் போயிக்குவேன்."

இப்பல்லாம் யாரு வண்டி வந்தாலும் ஸ்க்ரூடிரைவரை எடுக்கறதுக்கு முன்னால, "இறக்கத்துல இன்ஜினை நிறுத்துவீங்களா?"ன்னு கேட்டுடறேன், எண்ணிப் பார்த்துட்டேன், அதைக் கேட்க மூணு செகண்டுதான் ஆகுது.