ஏழாம் பிரிவில் ஒரு ‘கேட்டு’

கமா அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். ஒரேயொரு கமா இடம் மாறிக் கிடந்ததற்காக நாற்பது பக்க உடன்படிக்கையை மறுபடி அச்செடுக்க வைத்த மகராசி. வெளியுறவு அமைச்சகத்தின் மூன்றாம் மாடி, மொழிபெயர்ப்புப் பிரிவு. அவர் மொழிபெயர்க்க வந்து இருபத்தாறு வருடம், நான் பிழை பார்க்க வந்து பத்தொன்பது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் ஏசி பெட்டிகள் தெரியும். வெளியுறவில் நாங்கள் கண்ட வெளி அவ்வளவுதான்.

மூன்று வருடத்தில் பதினோரு நாடுகளோடு ‘உத்திசார் கூட்டாண்மை’ போட்டாயிற்று. எல்லாம் எங்களைப் போலத் தட்டுத்தடுமாறி மேலே வருகிற நாடுகள். எந்த வல்லரசுக்கும் தலையாட்டாமல் நம் முடிவை நாமே எடுக்கத்தான் இத்தனை நண்பர்கள் என்பார்கள் மேலே இருப்பவர்கள். எல்லா அறிக்கையிலும் அதே தோளோடு தோள், அதே பரஸ்பர மரியாதை. படித்துப் படித்துக் கண் பூத்துப்போனது.

“பதினோரு உயிர்த்தோழன் இருக்கான். அவசரத்துக்குக் கூப்பிட்டா ஒருத்தனாவது போன் எடுப்பானா?” என்பேன்.

“நீ எழுத்தைப் பாருடா” என்பார் அக்கா.

பன்னிரண்டாவது நாட்டோடு பேச்சு தொடங்கியபோது, அங்குள்ள நம் தூதரகத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை என்று சுற்றறிக்கை வந்தது. முன்பும் நான்கு முறை அக்காவுக்கு இப்படி வாய்ப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் “அவரைக் கேட்டுட்டுச் சொல்றேன்” என்று வீட்டுக்குப் போவார். மறுநாள் “இப்ப வேண்டாங்கறார்” என்பார். வீட்டுக்காரர் கெட்ட மனிதர் இல்லை. மூக்கில் இருக்கும் கண்ணாடியை வீடெல்லாம் தேடுகிற ரகம். ஆனால் ‘வேண்டாம்’ மட்டும் தேடாமலே வந்துவிடும். ஓய்வுக்கு இன்னும் மூன்றே வருடம், இதை விட்டால் இனி இல்லை. இந்த முறை அக்கா யாரையும் கேட்கவில்லை, விண்ணப்பித்துவிட்டார். தேர்வும் ஆகி, உத்தரவு இயக்குநர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

உடன்படிக்கை கையெழுத்தாகும் நாள். மூன்று மணிக்கு அமைச்சர்கள் வருகிறார்கள். பட்டு ரிப்பன் கட்டி முடித்த பிரதியைப் பதினொரு மணிக்கு அக்கா சும்மா புரட்டினார். பழக்க தோஷம். ஏழாம் பிரிவில் கை நின்றது. வேறொரு நாட்டோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்யுமுன், ஒரு நாடு மற்ற நாட்டைக் கேட்டு முடிவெடுக்கும் என்று இருந்தது.

“‘கலந்து பேசி’ன்னுதானேடா முடிவாச்சு? ‘கேட்டு’ன்னு போட்டிருக்கேன்.”

“கேட்டா என்ன, கலந்து பேசினா என்ன? ரெண்டும் ஒண்ணுதானேக்கா.”

“கலந்து பேசினா, அவங்க வேண்டாம்னாலும் நாம செய்யலாம். கேட்டுச் செய்யணும்னா, வேண்டாம்னதும் நிறுத்தணும்.” அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தார். “இது எனக்குத் தெரியாதா? கை தானா எழுதியிருக்கு பாரு.”

அந்தப் பக்கத்தின் நகலில் ‘சரிபார்த்தேன்’ என்று என் கையெழுத்தும் இருந்தது.

“விடுங்கக்கா. நம்ம மொழிப் பிரதியை எவன் படிக்கப்போறான்?”

“சண்டைன்னு வந்தா அதைத்தான் முதல்ல படிப்பான்.”

“உத்தரவு மேசையில இருக்கு. நாளைக்குக் கையெழுத்தாயிடும். இன்னிக்கு வாயைத் திறந்தீங்க, எல்லாம் போச்சு.”

“தெரியும்” என்று எழுந்தார். முட்டி வலியோடு மெதுவாகத்தான் நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

அக்கா விஷயத்தைச் சொன்னதும் இயக்குநர் முகம் வெளிறிப்போனது. “சரிபார்த்தேன்னு கையெழுத்து இருக்கே, யார் பார்த்தது?”

“இவர் பார்த்தப்ப சரியாத்தான் இருந்தது சார். அப்புறம் நான் திருத்தினப்ப மாறிடுச்சு” என்றார் அக்கா.

பச்சைப் பொய். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ரிப்பனை வெட்டி, பக்கத்தை மாற்றி, மறுபடி கட்டினோம். மாற்றத்தைப் பார்த்த எதிர்த்தரப்பு அதிகாரி சிரித்துக்கொண்டே என்னவோ சொன்னார். அவருடைய துபாஷி எங்கள் மொழியில் சொன்னார்: “நேத்தே கவனிச்சோம். நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னு சந்தோஷப்பட்டோம்.”

எங்கள் இயக்குநர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மூன்று நாற்பதுக்குக் கையெழுத்தானது. கைதட்டல் மூன்றாம் மாடி வரை கேட்டது.

ஐந்து மணிக்கு அக்கா மேசைக்கு ஒரு உறை வந்தது. கவனக்குறைவுக்கு விளக்கம் கேட்டு மெமோ. தூதரக வேலை வேறொருவருக்கு என்று அதிலேயே கடைசி வரியில் இருந்தது. நல்லதுக்குக் காலமில்லை என்று நான் கத்தினேன். அக்கா மெமோவில் விடுபட்டிருந்த ஒரு கமாவைப் பென்சிலால் போட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போன் அடித்தது. வீட்டுக்காரர்.

“இல்லங்க, சளி. குரல் அப்படித்தான் இருக்கும்… இன்னிக்கு என்ன வேலையா? ஒரு வார்த்தையை மாத்தினேன், அவ்வளவுதான்… இல்ல, உங்களைக் கேட்டு மாத்தலை.”

போனை வைத்துவிட்டு, விளக்கம் எழுத வெள்ளைத் தாள் ஒன்று கேட்டார்.