மொட்டை மாடியில் காய்ந்த செல்போன்

எங்கள் வீட்டுக்கு முதல் செல்போன் வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். அலுவலகத்தில் கொடுத்தார்கள். செங்கல் கனம், தலையில் ஒரு குட்டிக் கொம்பு. அந்தக் கொம்பு சட்டைப் பைக்கு வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் ஏறும்போது, ரயிலே எனக்காகத்தான் நிற்கிறது என்று நினைப்பு. அதுவரை எங்களுக்கான அழைப்பெல்லாம் பக்கத்து வீட்டு போனுக்குத்தான் வரும். அந்த வீட்டு அக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கூப்பிடுவார், நாங்கள் ஓடுவோம்.

தம்பி மஸ்கட்டுக்கு வேலைக்குக் கிளம்பியபோது இந்த செல் நம்பரைத்தான் எழுதிக் கொடுத்தேன். “இனிமே அக்காவத் தொந்தரவு பண்ண வேணாம், நேரா இதுக்கே பேசு.” தலையை ஆட்டினான். அவன் அப்படித்தான். சாப்பாடு எப்படி என்று கேட்டால் “ம்”. உடம்பு சரியில்லையா என்று கேட்டால் “இல்ல”. அவன் போய்ச் சேர்ந்ததை வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட்தான் எங்களுக்குச் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையனே பேசுவான் என்றும் சொன்னார். அவன் குரலைக் கேட்காமல் அம்மாவுக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அந்த ஞாயிறு காலையில் தண்ணீர் லாரி வந்தது. எங்கள் சேலையூரில் லாரி போனதும் வீட்டு ஆண்கள் செய்கிற முதல் காரியம், தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டியின் மூடியைத் தூக்கி, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று குனிந்து பார்ப்பது. பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் பார்த்தால்தான் மனசு ஆறும். நானும் குனிந்தேன். சட்டைப் பையிலிருந்த செல் ‘தொபுக்’ என்றது.

லுங்கியோடு உள்ளே இறங்கி, காலால் துழாவி, மூச்சடக்கி எடுத்துவிட்டேன். கொம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது, பொத்தானை அமுக்கினால் உயிரில்லை. என் மனைவி இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து சூடு காட்டலாம் என்றாள். அம்மா மொட்டை மாடியில் கூழ்வடகம் பிழிந்துகொண்டிருந்தாள். சத்தம் கேட்டு இறங்கி வந்தவள் என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை.

“மூடியக் கழட்டு” என்றாள். பின்மூடி, பேட்டரி, சிம் கார்டு எல்லாவற்றையும் பிரித்துப் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தாள். மாடியில் வடகம் காய்ந்துகொண்டிருந்த வேட்டியின் ஓரத்தில் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பரப்பி, மேலே ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்த்தாள்.

“நல்ல வெயில்ல வைக்கலாமேம்மா?”

“மொதல்ல நெழல்ல காத்தாடட்டும். எடுத்தவுடனே வெயில்ல போட்டா மேல காஞ்சிடும், உள்ள ஈரம் நிக்கும்.”

எனக்குப் பொறுமை என்பது எந்தக் கடையிலும் கிடைக்காத சரக்கு. மாடிக்கும் கீழுக்கும் அலைந்தேன். கூடையைத் தூக்கி பேட்டரியைப் போட்டுப் பார்க்கப் போனபோது கையில் ஓர் அடி விழுந்தது. “காயாத வடகத்த எண்ணெயில போடுவியா?” காக்காய் வராமலிருக்கப் பிடித்திருந்த கறுப்புக் குடையின் கீழ் அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வடகத்தைத் திருப்பிப் போடும்போதெல்லாம் செல்போனையும் திருப்பிப் போட்டாள்.

துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு அக்கா இதைப் பார்த்துவிட்டார். “இன்னா சார், செல்போன வடகம் போட்டுகினு கீறீங்க? எப்ப வறுப்பீங்க?” அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கண் மட்டும் கூடையை விட்டு நகரவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு அம்மாவே எல்லாவற்றையும் என் கையில் கொடுத்தாள். பூட்டிப் பொத்தானை அமுக்கினேன். பச்சை வெளிச்சம் வந்தது. நான் மாடியில் குதித்தேன், வெட்கப்படவில்லை. எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பதும் மாடியில்தான் என்பதால் அங்கேயே உட்கார்ந்து காத்திருந்தோம். மணி அடித்தது.

அம்மா வாங்கிக் காதில் வைத்தாள். நானும் பக்கத்தில் காதைக் கொடுத்தேன்.

“அம்மா? கேக்குதாம்மா?”

“கேக்குதுடா கண்ணு!”

“ஹலோ? ஹலோ?”

அம்மா கத்தினாள், நான் கத்தினேன். அவன் ஹலோ ஹலோ என்றுகொண்டே இருந்தான். மைக் போய்விட்டது என்று புரிந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதோ வைத்துவிடப் போகிறான்.

“சத்தமே வரல” என்றான். “சரி, நீ கேட்டுட்டு இருக்கேன்னு நெனச்சு சொல்றேன்.”

சொன்னான். அறையில் கூட இருக்கிற தஞ்சாவூர்க்காரர் சாம்பார் என்று ஒன்று வைக்கிறாராம், வாயில் வைக்க முடியவில்லையாம், பாவம் நல்ல மனுஷனாம். முதல் நாள் தூக்கமே வரவில்லையாம். “ஏர்போர்ட்ல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னியேம்மா, நான் திரும்பிப் பாக்கல. பாத்திருந்தா திரும்பி வந்திருப்பேன்.” அம்மா ஒவ்வொன்றுக்கும் “ஆமாண்டா”, “சரிடா” என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர், முகம் முழுக்கச் சிரிப்பு. அன்று ராத்திரி ரசம் ஊற்றி இரண்டாம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் கடையில் கொடுத்து மைக்கை மாற்றினேன். அடுத்த ஞாயிறு தம்பி கூப்பிட்டான். போன வாரம் எல்லாம் கேட்டது என்று அம்மா மூச்சு விடவில்லை.

“சாப்பிட்டியாடா?”

“ம்.”

“சாம்பாரெல்லாம் எப்படி?”

“ம், நல்லாருக்கு.”

“தூக்கம்?”

“ம்.”

அம்மா போனை என்னிடம் நீட்டினாள். வாயைப் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: “இன்னொரு தடவ சம்புல போட்டு எடேன்.”