பொன்னுமணியின் இடுப்புக் கிண்ணம்

பொன்னுமணி விடியலில் ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவள். இடுப்பு மூட்டு தேய்ந்து படுத்தபோது, கோயம்புத்தூரில் டைட்டானியத் தூளை லேசரால் உருக்கி, அடுக்கடுக்காக உறுப்புகள் செய்யும் வேலையில் இருந்த மகன் ஜெகதீஷ், அவளுக்கான மூட்டுக் கிண்ணத்தைத் தானே வடிவமைத்தான். அறுவை சிகிச்சையில் அதைப் பொருத்திக்கொண்டு மறுபடி ஜீப்பேறினாள். "தள்ளி உக்காருங்கடி, எம்மவன் செஞ்ச சாமான் நசுங்கிரும்" என்று தோழிகளை அதட்டுவாள். அவன் ஊருக்கு வரும் ஞாயிறுகளில், தன் நடையைக் காட்டுவதற்கென்றே அவனைச் சந்தைவரை கூட்டிப்போவாள்.

அவளை எரித்த மறுநாள், எலும்பு பொறுக்கும்போது அந்தக் கிண்ணம் கிடைத்தது. தீயில் உருகவில்லை, நிறம் மட்டும் மாறியிருந்தது.

"எலும்போட அதைச் சேக்காத மாப்ளே, வீட்டுக்குக் கொண்டு போ" என்றார் தாய்மாமன் மலைச்சாமி.

ஜெகதீஷுக்கும் அதுதான் ஆசை. பாலில் கழுவினான். எலும்பு உள்ளே வளர்ந்து பிடித்துக்கொள்ளட்டும் என்று கிண்ணத்தின் வெளிப்புறமெங்கும் அவன் விட்டிருந்த நுண்துளைகள் வெள்ளையாக அடைத்திருந்தன. தட்டிப் பார்த்தான். வரவில்லை.

"என்ன மாப்ளே, அழுக்கா?"

"இல்ல மாமா. அம்மா."

மலைச்சாமி எலும்பு சேர்த்த கலயத்தை நீட்டினார். ஜெகதீஷ் கிண்ணத்தை எலும்புகளோடு வைத்தான்.