குரங்கு ஆட்டிய காயில்

என் வேலை ஃபைபர் ஒட்டுவது. கேபிளுக்குள் இருக்கும் கண்ணாடி இழை அறுந்தால் ஒட்டிவிட்டு, வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்று மீட்டரில் பார்ப்போம். அதுதான் லாஸ். லாஸ் இல்லையென்றால் நல்ல லைன் என்றே நினைத்திருந்தேன், பிள்ளைங்களே.

திருத்தணி மலையடிவாரத்திலிருந்து அரக்கோணம் வரை சும்மா கிடந்த ஓர் இழையை, ஆராய்ச்சி செய்யும் மேடம் ஒருவர் வாடகைக்கு எடுத்திருந்தார். ஜோடியாகப் பிறந்த இரண்டு ஒளித்துகள்களில் ஒன்றை இங்கே வைத்துக்கொண்டு, மற்றதை இழை வழியாக அரக்கோணத்துக்கு அனுப்புவார். வேறொரு துகளை இங்குள்ளதோடு சேர்த்து அளந்தால், அதன் நிலை இங்கே அழிந்துபோகும். அளந்த விடையைச் சாதாரண லைனில் சொன்னதும், அங்கே சரிசெய்து அதே நிலையை எடுப்பார்கள். துகள் போகாது, நிலைதான் போகும். குவாண்டம் டெலிபோர்ட்டேஷன் என்று பெயர்.

அன்று கடைசி நாள். சாயங்காலம் லைனைத் திருப்பித் தரணும். இங்கே அழிந்த நிலையும் அங்கே எடுத்த நிலையும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் ஜெயித்த கணக்கு. காலையிலிருந்து எட்டவில்லை. மேடம் சாப்பிடவே இல்லை. அவருடைய டாக்டர் பட்டமே அதில் தொங்கியது.

"லாஸ் சுத்தமா இல்லீங்க மேடம்."

"வெளிச்சம் வருதுண்ணா. அது துடிக்கிற திசைதான் மாறிட்டே இருக்கு. எங்கியோ கேபிள் ஆடுது."

நானும், என்னை 'பாவா' என்று கூப்பிடும் என் மச்சான் சீனுவும் லைனோடு பைக்கில் போனோம். பிறகு அறுந்தால் ஒட்ட உதவும் என்று கம்பத்தில் கொஞ்சம் கேபிளைச் சுருட்டித் தொங்கவிடுவது எங்கள் பழக்கம். அதுதான் காயில்.

"பாவா, அங்க பாரு! நம்ம காயில்ல கொரங்கு ஊஞ்சல் ஆடிக்கினு கீது!"

விரட்டினால் திரும்ப வந்தது. கேபிள் கட்டும் பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டினால் பிய்த்தது. மேடத்துக்கு போன் போட்டேன்.

"வளைஞ்சிருந்தா பரவால்லண்ணா, இங்க சரி பண்ணிக்குவேன். மாறிட்டே இருந்தாதான் முடியாது. அசையாம இருக்கணும்."

ஏணியில் ஏறி, காயிலைக் கம்பத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். குரங்கு கீழே இறங்கி என் சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

"வுடு பாவா, அதுக்கும் பசிக்குமில்ல," என்று சீனு சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு லாரி போனால்கூட காயிலை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

சட்டைப்பையில் ஸ்பீக்கரில் போட்டிருந்த போன் கத்தியது. "அண்ணா, தாண்டிடுச்சு! கொஞ்சம்தான். விட்றாதீங்க, இன்னொரு தடவ பாத்துடறேன்!"

காலை மாற்றி ஊன்றக்கூட இல்லை. காயிலை அணைத்தபடியே நின்றேன்.

"இந்தத் தடவயும் தாண்டிடுச்சு. இப்ப இறங்குங்கண்ணா," என்றபோது மேடத்தின் குரல் அழுகையாக இருந்தது.

இப்போதெல்லாம் காயிலை நான் தொங்க விடுவதில்லை, கம்பத்தோடு இறுக்கிக் கட்டுகிறேன். மீட்டர் நல்ல லைன் என்று சொன்னாலும், ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் ஏணியை மடக்குகிறேன்.