ஒன்பதாவது ஸ்லைடு

கூட்டத்தின் முன் நின்று பேசுவது எனக்குப் புதிதல்ல என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமைகளில் வேதபாடம் வாசிப்பவள் நான். பதினைந்து வயதிலிருந்து வாசிக்கிறேன். மைக் முன்னால் ஒருநாளும் தடுமாறியதில்லை. ஆனால் அங்கே வாசிக்கிற வார்த்தைகள் என்னுடையவை அல்ல. அவற்றுக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. இந்த வித்தியாசம் எனக்கு முப்பத்துநான்கு வயதில், ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் கேன்டீனில்தான் புரிந்தது.

கார்களுக்கான இரும்புப் பாகங்களை அழுத்தி வடிவம் கொடுக்கும் தொழிற்சாலை அது. நான் பாதுகாப்புப் பிரிவில் உதவி அதிகாரி. பிரிவு என்று பெயரே தவிர, மேனேஜரும் நானும் மட்டும்தான். தினமும் காலையில் கையில் ஒரு படிவத்தோடு உற்பத்தி லைனைச் சுற்றி வருவேன். கையுறை போட்டிருக்கிறார்களா, தீயணைப்பான் இடத்தில் இருக்கிறதா, தரையில் எண்ணெய் சிந்தியிருக்கிறதா என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் டிக் போடுவது என் வேலை.

ஒரு திங்கட்கிழமை காலை ஷிஃப்டில், பிரஸ் மெஷினில் நின்ற ஒரு பெண்ணின் இடது கையில் இரண்டு விரல்கள் நசுங்கின. மருத்துவமனையில் இரண்டின் நுனியையும் எடுத்துவிட்டார்கள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வாலாஜாபாத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அந்த மெஷினில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டு கைகளாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். இரண்டு கையும் வெளியே பொத்தானில் இருக்கும்போது உள்ளே மாட்ட வழியில்லை. அன்று ஒரு பொத்தான் அழுந்தியபடியே இருக்கும்படி அதன்மேல் டேப் ஒட்டப்பட்டிருந்தது. அப்படி ஒட்டிவிட்டால் ஒரு கையால் அழுத்திக்கொண்டே இன்னொரு கையால் தகட்டை வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஓரிரு நொடி மிச்சம். மாலைக்குள் டார்கெட் முடிந்துவிடும்.

மூன்று வாரம் கழித்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு பென் டிரைவ் இருந்தது.

"ஹெட் ஆபீஸ்ல இருந்து பிரசன்டேஷன் அனுப்பியிருக்காங்க. வர்ற வியாழக்கிழமை ஷிஃப்ட் மாறுற நேரத்துல ரெண்டு ஷிஃப்டையும் கேன்டீன்ல உக்கார வெச்சுப் பேசணும். நீங்க பண்ணுங்க."

"நானா சார்?"

"நீங்க இந்தப் பக்கத்து ஆளு. நீங்க சொன்னா கேப்பாங்க. நான் சொன்னா திட்டுறேன்னு நெனப்பாங்க."

மொத்தம் இருபத்திரண்டு ஸ்லைடு. ஒன்பதாவதில் அக்காவின் கட்டுப் போட்ட கையின் படம். மேலே பெரிய எழுத்தில், 'விபத்துக்குக் காரணம்: ஆபரேட்டரின் கவனக்குறைவு.' டேப் என்ற சொல் இருபத்திரண்டிலும் எங்கேயும் இல்லை.

அப்போதே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வியாழக்கிழமை முடியும்வரை அது விடவில்லை. கூட்டத்தை நினைத்து வந்த பயம் மட்டும் அல்ல அது. விபத்துக்கு இரண்டு வாரம் முன்பே, காலைச் சுற்றில், அந்த டேப்பை நான் பார்த்திருந்தேன். சூப்பர்வைசரிடம் சொன்னேன். "இந்த லாட் முடியட்டும் மேடம், சாயங்காலம் எடுத்துர்றேன்" என்றார். நான் தலையாட்டிவிட்டு, 'இரு கைப் பொத்தான் சரியாக உள்ளது' என்ற வரிக்கு நேராக டிக் போட்டுவிட்டு அடுத்த மெஷினுக்குப் போனேன். பிறகு வந்த சுற்றுகளில் அந்தப் பொத்தானைப் பார்க்காமலே டிக் போட்டேன். அப்படி டிக் போட்டதை யாரிடமும் சொல்லவில்லை.

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் பீரோ கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினேன். போனில் பதிவு செய்து கேட்டேன். அது என் குரலே இல்லை. பஸ் நிலையத்தில் வண்டி நேரம் அறிவிப்பவரின் குரல் போல இருந்தது. நாற்பது நிமிடம் ஓடியது. எனக்குக் கொடுத்திருந்ததோ இருபது நிமிடம். வேகமாகப் பேசிப் பார்த்தேன். மூச்சு வாங்கியது. ஸ்லைடில் இருப்பதை மனப்பாடம் செய்தேன். நடுவில் ஒரு சொல் மறந்தால் மறுபடி முதலிலிருந்துதான் வந்தது.

என் கணவர் இன்னொரு தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ்ஸின் டிரைவர். சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"இன்னா இது, பரீட்சைக்கு ஒப்பிக்கிற மாதிரி கீது. நீ எங்கள மாதிரி ஆளுங்களுக்குச் சொல்றியா, உன் மேனேஜருக்குச் சொல்றியா?"

"எல்லாருக்கும்தான்."

"இந்த மாதிரி மீட்டிங்ல நாங்க இன்னா பண்ணுவோம் தெரியுமா? பேசுறவங்க கைல இன்னும் எத்தினி பேப்பர் கீதுன்னு எண்ணிகினு இருப்போம்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. நானும் எத்தனையோ கூட்டங்களில் அப்படி எண்ணியிருக்கிறேன்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாலாஜாபாத்துக்குப் பஸ் ஏறினேன். அக்காவைப் பார்க்காமல் அவரைப் பற்றிப் பேச முடியாது என்று தோன்றியது. அவர் முன்னறையில் உட்கார்ந்து வலது கையால் மட்டும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இடது கை மடியில் இருந்தது. நான் கொண்டுபோன சாத்துக்குடிப் பையை வாங்கி வைத்துவிட்டு, "மீட்டிங் போடுறாங்களாமே. நீங்கதான் பேசப் போறீங்கன்னு சொன்னாங்க" என்றார்.

"ஆமாக்கா."

"இன்னா பேசப் போறீங்க? காட்டுங்க."

தயங்கிவிட்டுப் போனைக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனவர் ஒன்பதாவதில் நின்றார்.

"கவனம் இல்லாமயா எட்டு வருஷம் அந்த மெஷின்ல நின்னுகினு இருந்தேன்?"

மறுபடி முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார்.

"டேப்பப் பத்தி எங்க கீது?"

"இல்லக்கா. போடல."

"நான் ஒட்டல அத. வர்றப்பவே ஒட்டித்தான் இருந்துச்சு. ஆனா நானும் பிச்சுப் போடல. அதையும் சேத்தே சொல்லுங்க. என்னை ஒண்ணும் தெரியாதவளாட்டம் காட்ட வேணாம். இந்தக் கை போட்டோவும் வேணாம்." போனைத் திருப்பித் தந்தார். "அன்னிக்கு நானும் வர்றேன். பின்னாடி உக்காந்துக்குறேன்."

விடைபெற்று வாசலில் செருப்பை மாட்டும்போது, இதைச் சொல்லாமல் போனால் இனி எப்போதும் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தது. கீழே பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"அக்கா, அந்த டேப்ப நான் முன்னாடியே பாத்தேன். எழுதாம விட்டுட்டேன்."

"தெரியும்" என்றார். "நீங்க சூப்பர்வைசர்கிட்ட சொன்னப்போ நான் அங்கதான் நின்னுகினு இருந்தேன். மேடமே பாத்துட்டாங்க, இன்னிக்கு எடுத்துருவாங்கன்னு நெனச்சேன்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கி, நடந்து வந்தேன்.

மறுநாள் மேனேஜரிடம் போய், படத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சரி என்றார். அந்த வரியையும் மாற்றலாமா என்றேன்.

"ரிப்போர்ட்ல அதான் இருக்கு. நாம மாத்த முடியாது. நீங்க வாசிச்சிட்டு அடுத்ததுக்குப் போயிடுங்க. பத்து செகண்ட் வேலை."

அவர் கெட்டவர் அல்ல. அவருக்கும் மேலே பதில் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். அந்த நேரத்திலும் நான் டேப்பைப் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை. நேரம் போதாது என்று மட்டும் சொல்லி, இருபத்திரண்டை ஆறாகக் குறைக்க அனுமதி வாங்கினேன்.

அன்று தொடங்கி மூன்று நாள் மாலையும் எங்கள் ஊர் ஏரிக்கரையில் நடந்துகொண்டே பேசிப் பார்த்தேன். ஸ்லைடைப் பார்க்காமல், லைனில் எனக்குத் தெரிந்த ஒரு முகத்தை நினைத்துக்கொண்டு, அவரிடம் சொல்வதுபோலச் சொன்னேன். கொஞ்சம் சரியாக வந்தது. முதல் வாக்கியத்தை மட்டும் எழுதி மனப்பாடம் செய்தேன். முதல் வாக்கியம் வந்துவிட்டால் மற்றது தானாக வரும் என்று நம்பினேன்.

வியாழக்கிழமை மதியம் கேன்டீனில் இருநூறு பேர் இருந்தார்கள். வேலை முடித்த ஷிஃப்டுக்கு பஸ் வெளியே நின்றது. வேலைக்கு வந்த ஷிஃப்டுக்கு இன்னும் சாப்பாடு செரிக்கவில்லை. சாம்பார் வாசம் போகாத காற்று. முன்வரிசையில் மேனேஜரும் தொழிற்சாலைத் தலைவரும். கடைசியில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் அக்கா. சீருடை இல்லை; பச்சைப் புடவை. இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தார்.

மைக்கை வாங்கியதும் முதல் வாக்கியம் மறந்துபோனது.

இப்போது நினைத்துப் பார்த்தாலும் அது எப்படிப் போனது என்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல் திரையைத் திரும்பிப் பார்த்து முதல் ஸ்லைடை வாசித்தேன். சபையில் வாசிக்கிற அதே ராகம். வாசிக்க வாசிக்க, தலைகள் ஒவ்வொன்றாகப் போனுக்குள் குனிவது ஓரக்கண்ணில் தெரிந்தது. ஒருவர் பஸ் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தார். இரண்டாவதையும் அப்படியே வாசித்து முடித்தேன்.

மூன்றாவதாக வந்தது பழைய ஒன்பது. ஜன்னல் வெயில் நேராகத் திரையில் விழுந்து எழுத்துகள் வெளுத்துப் போயிருந்தன. முன்வரிசைக்கே தெரியவில்லை.

"இன்னா போட்ருக்குன்னு தெரியல மேடம்" என்று நடுவிலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது.

அப்படியானால் நான்தான் சொல்ல வேண்டும். திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன்.

"ஆபரேட்டரின் கவனக்குறைவுதான் காரணம்னு போட்டிருக்கு" என்றேன். எங்கும் ஒரு சலசலப்பு. நான் நிறுத்தினேன். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். "ஆனா அந்த மெஷின்ல ஒரு பொத்தான் மேல டேப் ஒட்டியிருந்துச்சு. அது உங்க எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ரெண்டு வாரம் முன்னாடியே நான் பாத்தேன். வாயால சொன்னேன், எழுதல. சரியா இருக்குன்னு டிக் போட்டேன்."

போன்கள் இறங்கின. மேனேஜரைப் பார்க்கப் பயந்து பார்க்கவில்லை.

அதன்பிறகு நான் என்ன திட்டமிட்டிருந்தேன் என்பது நினைவில் இல்லை. எல்லாரையும் இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் நீட்டினார்கள். "ரெண்டு கையும் பொத்தான்ல. இப்ப ஒரு பொத்தானுக்கு டேப் போட்டாச்சு. ஒரு கைய எடுங்க. அந்தக் கை இப்ப எங்க போகும்?" இருநூறு கைகளும் தாமாகவே, தகடு வைக்கும் இடத்துக்குப் போயின. வருடக்கணக்கான பழக்கம். சிரிப்பு நின்றுவிட்டது. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த வடமாநிலத்துத் தொழிலாளர்களுக்குக்கூட யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

முதலில் குரல் கொடுத்தவரே எழுந்தார். "டேப்ப எடுத்துட்டா அந்த டார்கெட் வராது மேடம். அப்ப யாரு பதில் சொல்றது?"

"எனக்குத் தெரியல. அத முடிவு பண்ற இடத்துல நான் இல்ல" என்றேன்.

முன்வரிசையில் தொழிற்சாலைத் தலைவர் எழுந்து, திரும்பி நின்று, "அதைப் பாக்குறோம்" என்றார். பின்பக்கம் லேசாகச் சிரிப்புச் சத்தம் எழுந்தது. அப்போது கை கழுவும் இடத்துப் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது.

"எப்போ சார்?"

எல்லாரும் திரும்பினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. தலைவர் மேனேஜரைப் பார்த்தார். பிறகு, "டேப் இன்னிக்கே எடுத்துடணும். டார்கெட்டைப் பத்தி திங்கட்கிழமை உக்காந்து பேசுவோம்" என்றார். மீதி மூன்று ஸ்லைடுகளை நான் காட்டவே இல்லை.

அன்று பிற்பகல் இன்னும் மூன்று மெஷின்களிலிருந்து டேப்பை உரித்தோம். டார்கெட்டை ஓரளவு குறைக்கப் பல வாரம் பேச்சு நடந்தது. தலைமை அலுவலகத்தின் அறிக்கையில் அந்த வரி மாறியதாக எனக்குத் தெரியவில்லை. படிவத்தில் பொய்யாக டிக் போட்டதற்கு எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அது நியாயம்தான். மேனேஜர் மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. நான்காம் நாள், "என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாமே" என்றார். அதுவும் நியாயம்தான். கூட்டத்தில் சொல்ல வந்த தைரியம் அவர் அறையில் எனக்கு வரவில்லை. அதற்கான காரணத்தை இன்றும் என்னால் நன்றாகச் சொல்ல முடியவில்லை.

பிறகு எத்தனையோ முறை பேசிவிட்டேன். பயம் மட்டும் போகவில்லை. பேசுவதற்கு முந்தைய நாள் லைனுக்குப் போய், கேட்க வரப்போகிறவர்கள் நாலைந்து பேரிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு வருவேன். திரையை நம்புவதில்லை.

அக்கா இரண்டு மாதம் கழித்து பேக்கிங் பிரிவில் வேலைக்குத் திரும்பினார். முதல்நாள் மதியம் கேன்டீனில் தட்டோடு அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். அன்றைய பேச்சைப் பற்றி அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் நானே கேட்டேன்.

"நல்லாத்தான் பேசுனீங்க மேடம்" என்றார். "ஆனா நடுவுல ரொம்ப வேகமா பூட்டீங்க. பின்னாடி பாதி கேக்கல."

"எந்தப் பாதிக்கா?"

அவர் சிரித்துவிட்டார். "அதான் கேக்கலன்றேனே."