கையுறைக்குள் இறங்கிய மருந்து

நான்கு வருடத்துக்கு முன், ஆடி மாதத்தில் ஒரு காலை. ஒடுகத்தூர் பக்கம் ஒரு பன்றிப் பண்ணையின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். ஆம்பூரில் சொந்தக்காரர்களிடம் மாட்டுப் பண்ணை என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். பன்றி என்றால் கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்கார யோசிப்பார்களே!

பன்றிக்குச் சினை பிடித்துப் பன்னிரண்டு நாள் ஆனதும், கருவே ஈஸ்ட்ரோஜனைச் சுரந்து, 'நான் வந்துவிட்டேன்' என்று தாய்க்குச் சேதி சொல்லும். கருவைக் கலைக்கக்கூடிய ப்ராஸ்டாகிளாண்டின் என்ற சுரப்பு அதன்பின் தாயின் ரத்தத்தில் கலக்காமல் கருப்பைக்குள்ளேயே திரும்பிவிடும். சினையில்லாத பன்றிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்து, அந்தச் சுரப்பு எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை.

அன்று ப்ராஸ்டாகிளாண்டின் ஊசி மருந்தை எடுக்கும்போது பாட்டில் நழுவி உடைந்தது. கண்ணாடி கையுறையைக் கிழித்து, மருந்து உள்ளே இறங்கிவிட்டது. கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது, தோல் வழியாகவே உடம்பில் ஏறும் என்பது எனக்கு மனப்பாடம். எனக்கு நாள் தள்ளிப்போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. கல்யாணமாகி ஐந்து வருடம் காத்திருந்து தரித்த கரு. கர்ப்பம் என்று கணவரிடம் சொன்னால் வேலையை விடச் சொல்வார், பண்ணையில் சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்று அதுவரை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

கையைக் கழுவினேன். அப்போதும் வாயைத் திறக்காமல், பாதியில் இருந்த சோதனையை முடித்துக் குறிப்பு எழுதினேன். கால் மணி நேரம் போயிருக்கும். அடிவயிற்றில் சுரீரென்றது. ஐயோ, போச்சு என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பன்றிகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஓடி வந்தார். "இன்னாம்மா, மூஞ்சி இப்டி வெளுத்துப் போச்சு?"

அழுதுகொண்டே சொன்னேன்.

"அடிப்பாவி! இத்தப் போய் மறைப்பாங்களா? எழுந்திரு, வண்டில ஏறு!"

அவர் ஸ்கூட்டரில் வேலூர் வரை, புடவையில் ஈரம் தட்டுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். வேண்டாத தெய்வம் இல்லை.

ஸ்கேன் அறையில் டாக்டர் திரையைப் பார்த்தபடி கருவியை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டே இருந்தார். செத்துப் பிழைத்தேன்.

"துடிப்பு இருக்கு. ரெண்டு நாள் போகட்டும், இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார்.

அந்த இரண்டு நாளும் பாத்ரூம் போகக்கூடப் பயந்தேன்.

கரு தங்கிவிட்டது. மகள் இப்போது பால்வாடிக்குப் போகிறாள். பாட்டில் உடைந்தது தற்செயல், அதை மறந்துவிடலாம். இவள் போய்விடக்கூடும் என்று தெரிந்தும், வேலைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்த அந்தக் கால் மணி நேரத்தை மட்டும், இவள் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போதெல்லாம் என்னால் மன்னிக்க முடியவில்லை.